சாம்பிராணி போடாத வெள்ளிக்கிழமைகள்

ஓசூர்,
ஜூன் முதல் வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஜோதிமணிக்கு அம்மா எழுதுவது. மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரர் கிருபையால் நானும் அப்பாவும் ரூபாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் விளக்கேற்றும்போது நான் முதலில் கேட்பது, மற்றதெல்லாம் அப்புறம்தான். நெதர்லாந்தில் இப்போது ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் போகாது என்றாயே, வெளிச்சம் இருக்கிறதே என்று வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காராமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கு. இங்கே நாலு நாளாகச் சாரல், துணி காய மாட்டேன் என்கிறது. சிப்காட் ரோட்டில் லாரிகள் தேங்கி நிற்பதால் அப்பா ஷிப்டு முடிந்து வர முன்னைவிட நேரமாகிறது. முட்டிவலி குறைந்திருக்கிறது, நீ சொன்ன நடைப்பயிற்சியைத்தான் செய்ய மாட்டேன் என்கிறார், மெஷினைச் சுற்றிச் சுற்றி நடப்பதே போதுமாம்.

தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அம்மா எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் தங்கச்சி பிடுங்கிக்கொள்கிறாள், நான் சொல்ல நினைத்ததை அவள் காதுபடச் சொல்ல முடியவில்லை. அப்பாவோடு வேலை செய்கிற பாஸ்கரன் அண்ணன் மகன் அடுத்த வாரம் அங்கே படிக்க வருகிறான், பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். இந்தத் தடவை சாம்பிராணி வைக்கவில்லை. போன தடவை கொடுத்தனுப்பிய கப் சாம்பிராணியை நீ உன் அறையில் ஏற்றினதும் கூரையில் இருந்த மணி அலறி, கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் குளிரில் வெளியே வந்து நின்றார்கள் என்று சொன்னாய். சாமிக்குப் போடுவதற்கும் தீப்பிடித்த புகைக்கும் வித்தியாசம் தெரியாத மணியா என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும். விஷயம் இதுதான். பட்டுப்புழுவில் பாதிக்குமேல் வெயிலில் செத்துப்போச்சு என்று ரூபா உன்னிடம் சொன்னாள், நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. வெயில் இல்லை கண்ணு. கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதான் ஆராய்ச்சி என்று நீதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய், அந்தப் பாடத்தை என்னால் அவள் மீறும்படி ஆகிவிட்டது. அதனால் நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன். எழுதுவது வருத்தத்தில் இல்லை. பெற்றவள் மகளுக்கு நன்றி சொல்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது, நேரில் சொன்னால் உனக்கும் எனக்கும் கூச்சமாக இருக்கும், கடிதத்தில் சொன்னால் தெரியாது.

கார்த்திகை மாதம் ஒருநாள் காலையில் ரூபா கண் இரண்டும் வீங்கி எழுந்ததும், பூச்சி கடித்திருக்கும் என்று நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும், கிட்னியில் இருந்து புரதம் ஒழுகுகிறது என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். மாத்திரையில் வீக்கம் வடிந்தது, ஆனால் அதே மாத்திரையால் முகம் உப்பிக் கன்னம் இரண்டும் கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது. சளி பிடித்தால் மறுபடி ஒழுகும், ஒருதடவை பள்ளிக்கூடத்தில் இருந்து சளியோடு வந்து அப்படியே ஆனது, அதனால் கோடை முடிகிற வரைக்கும் கூட்டத்தில் விடாதீர்கள், வீட்டிலேயே படிக்கட்டும் என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்திலும் நல்லவிதமாக ஒத்துக்கொண்டார்கள். அப்போது நான் ரொம்பப் பயந்துவிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். நீ ஒவ்வொரு வகுப்பாக ஏறினபோது நீ தூக்கிப்போட்ட புத்தகங்களை எடுத்து மத்தியானத்தில் படித்துப் படித்துத்தான் எனக்கு நாலு எழுத்து கூடுதலாகத் தெரியும், அதுவும் உன் பத்தாவது இயற்பியலில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும். ஆனால் பாடம் பெரிய கஷ்டமாக இல்லை. தினமும் காலையில் யூரின் பார்க்கிற ஸ்ட்ரிப்பை அவளே நனைத்து, டப்பாவில் இருக்கிற நிறத்தோடு ஒட்டிப் பார்த்து, மஞ்சள்தாம்மா, பச்சை இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டாள், புரதம் ஒழுகினால்தான் பச்சையாக மாறும். உப்புக் குறைத்த சோற்றை மூன்று பேரும் சேர்ந்தே சாப்பிட்டோம், அப்பா ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை, கம்பெனி கேன்டீனில் ஊறுகாய் வாங்கித் தின்கிறார் என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. முகம் உப்பின பிறகு ஒருநாள் கடைக்குப் போனவளைத் தெருப் பிள்ளைகள் பன்னு என்று கூப்பிட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு அஸ்வின்தான் ஆரம்பித்தான், நம் வீட்டில் முறுக்கு தின்று வளர்ந்தவன். அன்றைக்கு உள்ளே வந்தவள்தான், அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட மாஸ்க் போட்டு அதற்குமேல் என் துப்பட்டாவைக் கண் வரைக்கும் சுற்றிக்கொள்வாள். பங்குனியில் டாக்டர் மாத்திரையைக் குறைத்து, ஜூனில் தாராளமாகப் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று சொன்னபோது நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். ஆட்டோவில் திரும்பி வரும்போது இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நான் இனிமே ஸ்கூலுக்குப் போகலம்மா, வீட்லயே படிச்சுக்கறேன், இப்ப நல்லாத்தானே இருக்குது" என்றாள். குரலில் அழுகையும் இல்லை, பிடிவாதமும் இல்லை, தீர்மானம் செய்துவிட்ட குரல். அடித்து அனுப்பினால் போவாள், ஆனால் உடம்பு மட்டும்தான் போகும். நோய் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இது போகும் என்று யார் சொல்வார்கள். மலைக்குப் படியேறிப் போய் நின்றபோதுகூட நான் கிட்னிக்கு வேண்டவில்லை ஜோதி, இதற்குத்தான் வேண்டினேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் சொல்லிக்கொடுத்த வேலைகளை அவள் ஒன்றுவிடாமல் செய்தாள், அது உனக்கே தெரியும். மொட்டை மாடியில் குச்சி நட்டு மணிக்கு ஒருதரம் நிழலைச் சாக்பீஸில் வரைந்தது, பாட்டிலை வெட்டி மழை அளந்தது, கண்ணாடி டம்ளரில் ஈரத்துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மொச்சையைச் சொருகி வேர் எந்தப் பக்கம் போகிறது என்று டம்ளரைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி அதைப் படாதபாடு படுத்தியது. கோல வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாதிக் கோலத்தை அரிசி மாவிலும் பாதியைக் கடையில் விற்கிற கல்மாவிலும் போடச்சொன்னாய். எறும்பு அரிசி மாவுப் பக்கத்தை மட்டும் தின்று தீர்த்துவிட்டு, கல்மாவுப் பக்கத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. இத்தனை வருஷமாக வாசலில் எதைப் போட்டுக்கொண்டிருந்தோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது, அன்றில் இருந்து அரிசி மாவுதான். ஆனால் ஒன்று பார், அவள் செய்தது எல்லாம் மாடியிலும் அடுப்படியிலும் மட்டும். வாசல் கோலத்தைக்கூட நான்தான் போட்டேன், அவள் ஜன்னல் வழியாக எறும்பைப் பார்த்தாள். மாடியில் நின்று நின்று தெரு முழுவதும் அவளுக்கு மனப்பாடம், எந்த வீட்டில் எந்த மரம், எந்த மரத்தில் காக்காய்க் கூடு, எல்லாம் சொல்வாள். இறங்க மட்டும் மாட்டாள்.

இதை நான் உன்னிடம் லேசாகச் சொன்னபோதுதான் நீ சொன்னாய், பார்த்துவிட்டு விடுகிற வேலை இனி வேண்டாம்மா, அவளை நம்பி உயிர் வாழ்கிற ஒன்றைக் கொடு என்று. எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. கோழிக்குஞ்சு வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். மறுநாள் மாரம்மாவிடம் பூ வாங்கும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். மாரம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், தளிப் பக்கத்தில் இருந்து முதல் பஸ்ஸில் பூக்கூடையோடு வந்து இறங்குவாளே, பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவள். அவள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். இவ்வளவுதானா என்று சிரித்துவிட்டு அடுத்தநாள் பூவுக்கு மேலே மல்பெரி இலையைப் பரப்பி ஒரு கைப்பிடி புழுவைக் கொண்டுவந்தாள். சாம்பல் கலந்த வெள்ளையில், ஊதுவத்திக் குச்சி நீளம்கூட இல்லை, பல் குத்துகிற குச்சியில் பாதிதான். எனக்கு உடம்பு கூசியது. ரூபா கை நீட்டி ஒன்றை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். மாரம்மா அவளைப் பார்த்துச் சொன்னாள், "பாப்பா, இது கைக்கொழந்த. கொசுவத்தி ஆகாது, பீடி ஆகாது, சென்ட்டு பவுடரு ஆகாது, மருந்தடிச்ச எலை வாயில பட்டா அன்னிக்கே போயிரும். பசின்னா கத்தாது. நீதான் பாத்துப் போடணும்." இலைக்குக் காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டாள், பாப்பாவுக்கு உடம்பு நல்லாகட்டும் என்றாள். தினமும் பூவோடு இலையும் வந்தது.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் ராஜாங்கம் யாருடையது என்று நினைக்கிறாய். அப்பா கம்பெனியில் இருந்து அட்டைப் பெட்டி கொண்டுவந்து தட்டு செய்துகொடுத்தார், ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி எறும்பு ஏறாமல் செய்தார், பல்லிக்காக மேலே வலை போட்டார். நான் ஊர்க்காவல். கொசுவத்தியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டுக் கொசுவலை வாங்கினேன். தாளிக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்தினேன். அப்பா குளித்துவிட்டுப் பவுடர் போட்டுக்கொண்டு தட்டுப் பக்கம் வந்தால் மறுபடி முகம் கழுவிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். புழு ஒருநாள் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றபோது நான் போச்சு என்று நினைத்து அழப்போனேன், சட்டை மாத்துதும்மா, தூங்குது, தொடாதே என்று ரூபாதான் சொன்னாள், நீ போனில் சொல்லி இருந்தாயாம். அடுத்தநாள் பழைய தோலை விட்டுவிட்டு வெள்ளை வெளேரென்று வெளியே வந்து தின்ன ஆரம்பித்தது பார், காதை வைத்துக் கேட்டால் யாரோ காகிதத்தை மெதுவாகக் கிழிக்கிற மாதிரி சத்தம். ரூபா விடிந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் இலை போடுவாள். ஒவ்வொரு இலையையும் துடைத்து, நறுக்கி, சமமாகப் பரப்புவாள். எனக்கு அப்போதே பாதி நோய் போன மாதிரி இருந்தது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். புழுக்கள் சுண்டுவிரல் பருமன் ஆகிவிட்டன. அன்றைக்கு மாடிவீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, என்ன இப்படிக் கொழுகொழுவென்று இருக்கிறதே, ஊரில் பெரிய பெரிய பண்ணையில்கூட இப்படி இருக்காது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. சாயந்தரம் விளக்கேற்றி, வழக்கம்போலச் சாம்பிராணி போட்டேன். கண்ணேறு கழியட்டும் என்று தணலில் வேப்பிலையும் வெண்கடுகும் சேர்த்துப் போட்டேன். பூஜை அறை, கூடம், அடுப்படி, எல்லா மூலைக்கும் காட்டிவிட்டு, கடைசியில் புழுத்தட்டு இருந்த அறைக்குப் போய் வலையைத் தூக்கி, தட்டைச் சுற்றி நன்றாகக் காட்டினேன். அம்மா தாயே, இதுகளும் என் குழந்தைகள்தான், காப்பாற்று என்று சொல்லிக்கொண்டே காட்டினேன். கண்ணு, இதை நீ நம்ப வேண்டும். கொசுவத்தியைப் பரணில் போட்டவள் நான், புருஷனைப் பவுடருக்காகத் திருப்பி அனுப்பினவள் நான். சாம்பிராணி ஒரு புகை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது சாமி காரியம், அவ்வளவுதான் என் புத்தியில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ரூபா அம்மா என்று கூப்பிட்ட குரலைக் கேட்டுத் தூபக்காலோடு அப்படியே ஓடினேன். புழுக்கள் இலையை விட்டுவிட்டுத் தட்டு விளிம்புக்கு ஏறி ஓடப் பார்த்தன, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின, சிலது வாயில் இருந்து பச்சையாகத் தண்ணீர் கக்கிவிட்டுச் சுருண்டது. அவள் தட்டைப் பார்த்தாள், என் கையில் இருந்த தூபக்காலைப் பார்த்தாள். "சாமிப் புகையும் புகைதானேம்மா" என்றாள். திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுவாள், தட்டைத் தூக்கிப் போடுவாள், மறுபடி மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள், எல்லாம் போச்சு, என் கையாலேயே போச்சு என்று நினைத்தேன். அவள் அழவில்லை. ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தாள். அசைகிற புழுக்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வேறு பெட்டிக்கு மாற்றி மாடிப்படியில் காற்றாடக் கொண்டுபோய் வைத்தாள். ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்த இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, இதிலும் வாசனை ஏறிவிட்டது, வேறு இலை வேண்டும் என்றாள். மாரம்மா காலையில்தான் வருவாள். அப்பா இரண்டாவது ஷிப்டு. நான் புடவையைச் சரிசெய்துகொண்டு, இரு, எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுவதற்குள் அவள் செருப்பைப் போட்டுவிட்டாள். ஷௌகத் அலி மாமா வீட்டுக்குப் பின்னால் மல்பெரி மரம் இருக்குது, மாடியில இருந்து பார்த்திருக்கேன் என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் திறந்துகொண்டு போயேவிட்டாள். துப்பட்டா இல்லை, மாஸ்க் இல்லை, முகத்தை மூட ஒரு கைக்குட்டைகூட இல்லை.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லீவு நாள், தெரு நிறையப் பிள்ளைகள், நட்டநடுவில் கிரிக்கெட். இத்தனை மாதமாக எந்தக் கூட்டத்துக்குப் பயந்து உள்ளே இருந்தாளோ அதன் நடுவில் போகிறாள். ஆட்டம் நின்றது. அஸ்வின் பேட்டை ஊன்றிக்கொண்டு, "டேய், பன்னு வருதுடா" என்றான். எனக்கு ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது. அவள் நிற்கக்கூட இல்லை. "ஆமாண்டா, பன்னுதான். வழி விடு, என் புழுங்க பசியில இருக்குது" என்றாள். அவன் ஒதுங்கி வழி விட்டான். அப்புறம், புழுவா, என்ன புழு, எங்கே இருக்குது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்கள். பேட்டும் பந்தும் நடுத்தெருவில் கிடந்தது, லாரி ஓட்டிக்கொண்டு வந்தவர் இறங்கி எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார். நான் அந்த இடத்திலேயே கும்பிட்டேன் ஜோதி. எந்தச் சாமியை என்று கேட்காதே, அந்த நேரத்தில் யார் முகமும் வரவில்லை, நீ போனில் சொன்ன வார்த்தைதான் வந்தது.

ஷௌகத் அலி பாய் ஜூஜுவாடி ரோட்டில் பழைய டயர்க் கடை வைத்திருக்கிறாரே, அவர் வீட்டம்மா வஜிஹாவோடு நான் அதுவரைக்கும் நின்று பேசியதில்லை, பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். அன்றைக்கு வஜிஹாவே ஏணி போட்டு இலை பறித்து, ரோட்டுத் தூசி போகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ரூபா கையில் கொடுத்துவிட்டுக் கூடவே நம் வீட்டுக்கு வந்தார். அவர் மகள் மெஹக்கும் வந்தாள், ரூபாவோடு ஒரே வகுப்பு. வாசலில் காலை வைத்ததுமே வஜிஹா, "பொற்கொடிக்கா, இந்த வாசன ரெண்டு நாளைக்கிப் போவாது. எங்க பின்னாடி ரூம்பு காலியாத்தான் கெடக்குது, மரமும் பக்கத்துல, அங்க வெச்சிக்கட்டும்" என்றார். யாருக்காவது சளி இருமல் இருக்கிறதா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, டாக்டரிடமும் போனில் கேட்டுக்கொண்டோம். மிஞ்சின புழுக்களோடு பெட்டி அங்கே போனது. பசியாற்ற வேண்டியவள் தினமும் போய்த்தானே ஆக வேண்டும், காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருதரம், அந்தத் தெரு வழியாகவே, முகத்தைத் திறந்துகொண்டு. மெஹக் இலை பறிப்பாள், இவள் நறுக்குவாள். அஸ்வினுக்குப் புழுக்கையை அள்ளுகிற வேலை கொடுத்திருந்தாள், அதைக் கேட்டு நான் தனியாகச் சிரித்தேன். இன்னொன்றும் எழுத வேண்டும். அவர்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயந்தரம் லோபான் போடுவார்கள், அதுவும் நம் சாம்பிராணிதானே. புழு இருந்த நாள் வரைக்கும் அவர்களும் போடவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, அல்லாவுக்குத் தெரியாதாக்கா என்று சொல்லிவிட்டு இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ராத்திரி வந்த அப்பாவிடம் நானே சொன்னேன். எனக்குப் பவுடர்கூடக் கிடையாது, சாமிக்கு மட்டும் சலுகையா என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார், நான் சிரித்துவிட்டு அப்புறம் அழுதேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்று, தாயே, கொஞ்ச நாளைக்கு உனக்குப் பூவும் விளக்கும் மட்டும்தான், புகை கிடையாது, இவள் உடுப்பில் ஏறிப்போகிற வாசனைக்கே உன் குழந்தைகளுக்கு மூச்சு முட்டும், கோபித்துக்கொள்ளாதே என்று சொன்னேன். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து விடாத பழக்கம், விட்டால் என்ன ஆகுமோ என்று உள்ளுக்குள் பயம் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் புகை இல்லாததால் அம்மன் முகம் தெளிவாகத் தெரிந்தது. மாதக் கணக்கு எழுதும்போது சாம்பிராணி என்று எப்போதும் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

மிஞ்சினது நன்றாகவே தேறியது. உடம்பு மஞ்சளாகிக் கண்ணாடி மாதிரி ஆனதும், பழுத்திருச்சு பாப்பா, இனிச் சாப்பிடாது என்று மாரம்மா, புழு கூடு கட்டுவதற்கென்று பின்னுகிற மூங்கில் தட்டி, சந்திரிகை என்பார்கள், அதில் பழசு ஒன்றில் ஒரு துண்டை உடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். தலையை எட்டு போடுகிற மாதிரி ஆட்டி ஆட்டி, முதலில் புழு தெரிகிற மாதிரி மெல்லிசாக, அப்புறம் ஒன்றும் தெரியாமல் கட்டிக்கொண்டது. கட்டி முடித்ததும் கூடுகளை மறுபடி நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். எதையாவது சந்தேகம் கேட்காமல் விட மாட்டாளே உன் தங்கச்சி, இதில் நூல் எப்படி எடுப்பார்கள் என்று கேட்டாள். மாரம்மா மறைக்கவில்லை, கூட்டோட வெந்நீரில போடுவாங்க கண்ணு, பூச்சி ஓட்டை போட்டு வெளிய வந்துட்டா நூல் அறுந்துபோவும் என்றாள். ரூபா பீரோவைத் திரும்பிப் பார்த்தாள், என் கூறைப்புடவை அங்கேதான் இருக்கிறது. "மாரம்மாக்கா வீட்டுதுக்கு அவங்க இஷ்டம். என்னுது வெளிய வரட்டும்" என்றாள். வைகாசி பிறந்ததும் வெளியே வந்தன. வெள்ளையாக, பொசுபொசுவென்று, இறக்கை இருந்தும் பறக்கத் தெரியாமல். இதற்கு வாய் வேலை செய்யாது, சாப்பிடாது என்று நீ சொன்னதைக் கேட்டு, "பாவம்மா, உப்பில்லாத சோறுகூடக் கிடையாது இதுக்கு" என்றாள். காகிதத்தில் முட்டையிட்டு ஒவ்வொன்றாக இறந்தபோது இவள் தாங்குவாளா என்று பயந்தேன். வாடினாள், மெஹக்கோடு போய் மல்பெரி மரத்தடியில் புதைத்தாள், திரும்பி வந்து எனக்குப் பசிக்குது என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. போகிறாயா என்று நான் கேட்கவே இல்லை, கேட்கத் தைரியம் இல்லை. முந்தின நாள் அவளே வந்து யூனிஃபார்ம் இடுப்பில் பிடிக்குது, பிரிச்சுத் தையும்மா என்றாள். ஊசியில் நூல் கோக்க எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது, கண்ணில் தண்ணீர். காலையில் ஸ்ட்ரிப் பார்த்தாள், மஞ்சள். ஓட்டை போட்ட கூடுகளைப் பழைய டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கினாள், மிஸ்ஸிடம் காட்ட. மாஸ்க்கை எடுத்தபோது எனக்குப் பக்கென்றது. முகத்தில் போடவில்லை, பையில் வைத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் இருமினாப் போட்டுக்கறேம்மா. மூஞ்சிய மறைக்க இல்ல" என்றாள். மெஹக் கேட்டில் காத்திருந்தாள். வேன் வந்தது, உள்ளே இருந்து அஸ்வின், "பன்னு, கூடு எடுத்துக்கிட்டியா" என்று கத்தினான். எடுத்துக்கிட்டேன்டா, தள்ளி உக்காரு என்று ஏறினாள். முகம் இன்னும் முழுசாக வடியவில்லை கண்ணு, பன்னு என்கிற பேரும் போகவில்லை. ஆனால் அவள் போய்விட்டாள். ஏறிக்கொண்டே திரும்பி, முட்டை இன்னும் பொரிக்கலை, நான் வர்ற வரைக்கும் வீட்டுல புகை வேண்டாம் என்று எனக்கு உத்தரவு.

பொரிக்குமோ, அடுத்த வருஷம் வரைக்கும் தூங்குமோ சொல்ல முடியாது என்று நீ சொன்னாய். எதுவானாலும் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை, இன்றைக்கும் பூவும் விளக்கும் மட்டும்தான். அந்த விளக்கின் முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதினேன். கடல் தாண்டி இருந்துகொண்டு, வேலைக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, உன் தங்கச்சியைத் தெருவில் இறக்கிவிட்டவள் நீ. மாரம்மாவுக்கும் வஜிஹாவுக்கும் நேரில் கைபிடித்துச் சொல்லிவிட்டேன், உனக்கு இப்படித்தான் சொல்ல முடிந்தது. வெயில் என்று சொன்னதற்காக அவளைக் கேட்காதே, என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் சொன்னாள். ஆனால் உன் கணக்கில் காரணத்தைத் திருத்தி எழுதிக்கொள், அம்மா போட்ட சாம்பிராணி என்று.

பொடி டப்பாக்களோடு ஒரு கூடு வைத்திருக்கிறேன், காலிதான், பொடி வாசனை ஏறாமல் தனியாகச் சுற்றி இருக்கிறேன், உனக்கென்று ரூபா எடுத்து வைத்தது. மலை ஈஸ்வரனும் நம் குலதெய்வமும் உன்னை நோய் நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் நாலு நல்ல மனுஷர்களோடு வைத்திருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, சனிக்கிழமையாவது. போன தடவை கொடுத்த சாம்பிராணி மிச்சம் இருந்தால் அறையில் ஏற்றாதே அம்மிணி, விளக்கு மட்டும் போதும், சாமி ஏற்றுக்கொள்ளும். உன் கூரையில் இருக்கிற அந்த மணி சொன்னது சரிதான்.

என்றும் உன் நினைப்பில் இருக்கும் அம்மா,
ர. பொற்கொடி